நித்திய நோக்கும் இகத்துன்பமும்: பன்யனின் யாத்திரிகனை முன்வைத்து ஒரு மறுநோக்கு

கிறிஸ்தவ சமயத்தின் மரபார்ந்த போதனைகளுள் முற்போக்கு விமர்சகரின் கண்டனத்திற்குப் பெரிதும் உட்பட்டது எதுவெனின், இவ்வுலகத் துன்பங்களை நித்தியத்தின் ஒளியிலே நோக்கிப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்னும் போதனையே எனலாம். பசித்தவனுக்கு மறுமையிலே விருந்து உண்டு எனக் கூறுவது இம்மையிலே அவனது உணவைப் பறித்தவனுக்குச் செய்யும் உபகாரம் என்பது அக்கண்டனத்தின் சாரம். இதற்கு ஆதாரமாக மார்க்ஸின் அபினி உவமை வழமையாக எடுத்தாளப்படுகின்றது. ஆயின் அவ்வுவமை இடம்பெறும் 1844ஆம் ஆண்டுக் கட்டுரையை முழுமையாக வாசிப்போர், சமயத் துயரம் உண்மைத் துயரத்தின் வெளிப்பாடும் அதே வேளையில் அதற்கெதிரான முறையீடும் ஆகும் என அவர் அவ்விடத்திலேயே கூறியிருப்பதை அறிவர். எம்மவர் பலர் முதற் பாதியைப் பற்றிக்கொண்டு மறு பாதியைக் கைவிட்டனர். கைவிடப்பட்ட அப்பாதியை இலக்கியச் சான்றொன்றின் துணையுடன் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொண்ட சான்று ஜோன் பன்யன் எழுதி 1678இல் வெளியான, தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்று அறியப்பட்ட நூல். அதன் தமிழ்க் காவிய வடிவமான இரட்சணிய யாத்திரிகத்தையும் உரிய இடத்திலே நோக்குவோம். பன்யனின் பாத்திரப் பெயர்களை நாமே தமிழாக்கித் தருகின்றோம்.

நித்திய நோக்கு எனப்படுவதன் மூலம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் உள்ளது. அங்கு பவுல் ஒரு தராசை மனத்திற் கொண்டே பேசுகிறார். ஒரு தட்டிலே தற்கால உபத்திரவம். மறு தட்டிலே நித்திய மகிமை. இரண்டாவது தட்டுத் தாழ்வதால் முதலாவது இலேசாகத் தோன்றுகின்றது. அவ்வாறு எழுதியவர் சவுக்கடியும் கல்லெறியும் சிறையும் பட்டவர் என்பதை அதே நிருபத்தின் பதினோராம் அதிகாரம் விரிவாகச் சொல்கின்றது. தம் துன்பத்தைத் தாமே நிறுத்து அது இலேசானது என ஒருவர் கூறுவது வேறு. பிறருடைய துன்பத்தை நிறுத்து அவ்வாறு கூறுவது வேறு. சொற்கள் ஒன்றாயிருப்பினும் செயல்கள் இரண்டு. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க் காலத்தில் எம் ஊர்த் தேவாலயங்களின் அடக்க ஆராதனைகளிலே இச்சொற்களைக் கேட்டு உட்கார்ந்திருந்தோர் இவ்வேறுபாட்டை எம்மைவிட நன்கு உணர்வர். எனவே இப்போதனையை மதிப்பிடப் புகும் விமர்சகன் அது யாருடைய வாயிலிருந்து வருகின்றது, யாரை நோக்கி வருகின்றது, அதனைக் கூறுபவன் எதனை இழந்திருக்கிறான் என்பனவற்றை முதலில் வினவுதல் வேண்டும்.

பன்யன் விடயத்தில் இவ்வினாவுக்கு விடை தெளிவானது. 1628இல் பெட்போர்டுக்கு அண்மையில் உள்ள எல்ஸ்டோ கிராமத்தில் பிறந்த அவர், தந்தையைப் போலவே ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துத் திருத்தும் தொழிலாளி. உள்நாட்டு யுத்தத்தின்போது பாராளுமன்றப் படையில் சேவை செய்தவர். பின்னர் பெட்போர்டில் இருந்த சுயாதீன சபையொன்றில் இணைந்து போதிக்கத் தொடங்கினார். யுத்த காலத்திலும் அதனையடுத்த குடியரசுக் காலத்திலும் தொழிலாளரும் பெண்களும் கூட வேதத்தை விளக்க முற்பட்டனர். 1660இல் மன்னராட்சி மீண்டதும் இவ்வாய்கள் அடைக்கப்பட வேண்டியனவாயின. அவ்வாண்டு நவம்பரில் கூட்டமொன்றிலே போதிக்க ஆயத்தமாயிருந்த வேளையில் பன்யன் கைதானார். எலிசபெத் அரசியின் காலத்துப் பழைய சட்டமொன்றின் கீழ் அவர் மீது குற்றஞ் சாட்டப்பட்டது. இனிப் போதிப்பதில்லை என வாக்களித்தால் விடுதலை. இல்லையேல் சிறை, அதன் பின் நாடுகடத்தல், திரும்பி வந்தால் தூக்கு. அவர் வாக்களிக்க மறுத்தார். நாடுகடத்தல் நடைபெறவில்லை, சிறை மாத்திரம் பன்னிரண்டு ஆண்டுகள், 1672 வரை நீண்டது. இடையிடையே சிறைக் காவலரின் தயவால் வெளியே சென்று வந்தார் எனினும், இனிப் பேசேன் என்ற ஒரு சொல்லைக் கூறி எந்நாளும் வெளியேறியிருக்கக்கூடிய ஒருவரின் சிறைவாசம் இது. கதவின் திறவுகோல் அவரது நாவிலேயே இருந்தது.

1666இல் வெளியான தமது ஆன்மிகத் தன்வரலாற்றிலும், அவர் இறந்து நெடுங்காலத்தின் பின் 1765இல் அச்சேறிய சிறைவாசக் குறிப்பிலும் அவர் கூறுவனவே எமது வாதத்திற்கு முக்கியமானவை. மனைவி மக்களைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தெடுப்பது போன்றிருந்தது என்று அவர் எழுதுகிறார். நான்கு பிள்ளைகளில் மூத்தவள் பார்வையற்றவள். அவளே அவர் நெஞ்சுக்கு மிக நெருங்கியவள். அவள் பசியால் வாடுவாளே, அடிபடுவாளே, பிச்சையெடுப்பாளே, குளிரில் ஆடையின்றி இருப்பாளே என்று ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி மனம் உடைகின்றார். தமது வீட்டைத் தம் மனைவி மக்களின் தலைமேல் தாமே இடித்து வீழ்த்தும் ஒருவனாகத் தம்மைக் காண்கின்றார். சிறையிலே நுனியில் உலோக முனை பொருத்திய இழைநாடாக்களைச் செய்து விற்று அக்குடும்பத்தைத் தாங்க முயன்றார். அம்மகள் அவர் சிறையிலிருந்த காலத்திலேயே இறந்தாள்.

நித்தியத்தை நோக்குபவனுக்கு உலகத் துன்பம் வலிக்காது என்பது வெகுசனப் பக்தி நூல்களின் கூற்று. பன்யனின் பக்கங்களோ அதனை மறுக்கின்றன. அவர் தராசின் முதலாவது தட்டிலே ஒன்றையும் குறைத்து வைக்கவில்லை. பார்வையற்ற மகளின் பசி அங்கே முழு எடையோடு கிடக்கின்றது. அந்த எடை இருப்பதனாலேயே மறு தட்டில் அவர் வைப்பதும் எமக்கு நம்பத்தக்கதாகின்றது. துன்பத்தை மாயையென்றோ வினைப்பயனென்றோ அவர் கரைத்துவிடவில்லை என்பதையும் இங்கு குறிப்பிடல் தகும். அதனை இழைத்தவர்கள் யாரென்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இதனை அவரினும் கூர்மையாக உணர்த்துபவர் அவர் மனைவி எலிசபெத். கணவர் கைதான அதிர்ச்சியில் குறைப்பிரசவமுற்றுக் குழந்தையை இழந்த அவர், முதல் மனைவியின் நான்கு பிள்ளைகளையும் பேணியவாறு, 1661 ஆகஸ்டில் பெட்போர்டுக்கு வந்த நீதிபதிகளின் முன் தனியே சென்று வழக்காடினார். கணவன் போதிப்பதை விட்டுவிடுவானா என நீதிபதி துவிஸ்டன் கேட்டபோது, பேச்சு இருக்கும் வரை விடத் துணியமாட்டார் என்று பதிலளித்தார். தம் கணவர் பாத்திரம் திருத்தும் ஏழை என்பதனாலேயே இகழப்படுகின்றார், அவருக்கு நீதி கிடைக்கவில்லை என்றும் அம்மண்டபத்திலே கூறினார். நீதிபதி மத்தியூ ஹேல் ஓரளவு இரங்கினார், மற்றையோர் சினந்தனர். பயன் ஒன்றும் விளையவில்லை. வெளியேறுகையில் எலிசபெத் அழுதார். அவ்வழுகைக்கு அவர் கூறிய காரணம் கவனத்திற்குரியது: தம்மிடத்தும் தம் கணவரிடத்தும் அவர்கள் வன்னெஞ்சராய் நடந்தமைக்காக அன்று, கர்த்தர் வரும் நாளிலே இந்த எளிய ஜீவன்கள் எத்துணைப் பரிதாபமான கணக்கை ஒப்புவிக்க நேருமோ என்பதற்காகவே அவர் அழுதாராம்.

சமூக அதிகாரத்தின் உச்சியில் இருப்போரை, பிச்சையன்னத்தில் வாழும் ஒரு பெண் எளிய ஜீவன்கள் என்று இரங்குகின்றார். அவரை நிறுத்திய குற்றவாளிக் கூண்டைவிட உயர்ந்ததொரு கூண்டிலே அவர் நீதிபதிகளை நிறுத்திவிடுகின்றார். இவ்விரக்கத்தின் உள்ளே எத்தகைய தீர்ப்பு இருக்கின்றது என்பதை உணராமல் இதனை வெறும் பணிவு என்று கொள்வது பிழை. நித்திய நோக்கு இங்கே மயக்க மருந்தாகத் தொழிற்படவில்லை. நாட்டின் சட்டத்திற்கு மேலான ஓர் அளவுகோலாகத் தொழிற்படுகின்றது. வேறெந்த அளவுகோலும் 1661இல் அத்தகைய பெண்ணொருத்தியின் கைக்கு எட்டியிருக்க முடியாது என்பதையும் வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

அம்மண்டபத்தில் எழுந்த தீர்ப்பே மோட்சப் பிரயாணத்தின் மாயச் சந்தை அத்தியாயத்தில் கலையுருப் பெறுகின்றது. அச்சந்தையில் வீடுகளும் நிலங்களும் பதவிகளும் பட்டங்களும் இராச்சியங்களும், அவற்றோடு ஒரே வரிசையில் மனைவியரும் பிள்ளைகளும் உயிர்களும் இரத்தமும் விலைக்கு வைக்கப்பட்டுள்ளன. யாத்திரிகர் செய்த குற்றங்களுள் தலையாயது அவர்கள் ஒன்றையும் வாங்காமையே. வாணிபச் சமூகம் தலையெடுத்த நாட்டிலே வாங்க மறுப்பது கலகமாகக் கொள்ளப்பட்டதைப் பன்யன் எத்துணைத் துல்லியமாகக் கண்டுள்ளார்! உண்மையன் என்னும் யாத்திரிகனை விசாரிக்கும் நீதிபதியின் பெயர் நன்மைப்பகைவன் பிரபு. பொறாமை, மூடபக்தி, முகத்துதி என்போர் சாட்சியர். ஊர்ப் பிரபுக்களை இழித்துப் பேசினான் என்பது சாட்சியத்தின் உச்சம்; அப்பிரபுக்களின் பெயர்களோ இச்சை, பேராசை, வீண்பெருமை என்றவாறு அமைகின்றன. நீதிபதி தமது தீர்ப்புக்கு முன்னுதாரணங் காட்டும் சட்டங்கள் பார்வோன், நேபுகாத்நேச்சார், தரியு ஆகிய மன்னர்களுடையவை. இந்நகைச்சுவை பண்டிதருடையதன்று. நீதிமன்றத்தைக் கூண்டினுள் நின்று பார்த்தவனின் நகைச்சுவை.

உண்மையன் வழியிலே எதிர்கொள்ளும் வெட்கம் என்னும் பாத்திரமும் இவ்வகையில் முக்கியமானது. வல்லவரும் செல்வரும் கற்றவரும் இவ்வழியில் வருவது அரிது, வருவோர் தாழ்ந்த நிலையினர், அற்பத் தவறுக்காக அயலானிடம் மன்னிப்புக் கேட்பதும் பெரியோரின் நட்பை இழப்பதும் வெட்கக்கேடு என்று அது விடாது நச்சரிக்கின்றது. ஏனைய சோதனைகள் இச்சையையும் அச்சத்தையும் தூண்டுவன. இதுவோ ஒருவனது சமூகத் தகுதியைத் தாக்குகின்றது. இதனைவிடத் துணிந்த எதிரியைத் தாம் சந்தித்ததில்லை என்று உண்மையன் ஒப்புக்கொள்கிறான். நியாயத்தீர்ப்பு நாளிலே உலகின் செருக்கர் வகுத்த விதிப்படி நாம் தீர்க்கப்படப் போவதில்லை என்னும் நினைவே அவனுக்கு விடையாகின்றது. சாதிமானின் ஏளனத்தின் கீழ்த் தலைகுனிந்து வாழப் பழக்கப்பட்ட சமூகங்களை அறிந்த எமக்கு இவ்விடையின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. தென் திருவிதாங்கூரில் தோட்சீலை அணிந்தமைக்காகத் தாக்கப்பட்ட நாடார்ச் சமூகக் கிறிஸ்தவப் பெண்கள், 1859இல் அரச பிரகடனம் மேலாடை உரிமையை ஓரளவேனும் ஏற்கும்வரை அச்சீலையைக் கைவிடவில்லை. அவர்களது நெஞ்சுறுதியின் சமயக் கூறு தனியே ஆராயத்தக்கது.

இவ்வளவில் நாம் பன்யனின் வழக்குரைஞராகிவிட்டோமோ என்ற ஐயம் வாசகருக்கு எழக்கூடும். நூலின் மறுபக்கத்தையும் காண்போம். விளக்கம் கூறுவோன் வீட்டில் ஆசை, பொறுமை என்னும் இரு சிறுவர் அமர்ந்திருக்கின்றனர். ஆசை எல்லாவற்றையும் இன்றே வேண்டி, பெற்ற பொருட் பையை விரைவில் அழித்துக் கந்தலோடு நிற்கின்றான். பொறுமை அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்கின்றான். பவுலின் காண்பன, காணாதன பற்றிய கூற்றையே பன்யன் இங்கு உரையாகத் தருகிறார். ஓவியமாக நோக்கின் அழகானது. ஆயின் நூலினின்று பிரித்தெடுத்தால், கூலியுயர்வு கேட்கும் தொழிலாளிக்கு ஆலை முதலாளி மகிழ்ந்து வாசித்துக்காட்டக்கூடிய பகுதி. பிற்காலத்து ஞாயிறு பாடசாலைகளின் மனப்பான்மைக்கு இதுவே உகந்தது. 1963இல் வெளியான ஆங்கிலத் தொழிலாளர் வர்க்க வரலாற்று நூலில் ஈ. பீ. தொம்சன், பன்யனின் இந்நூலையும் தோமஸ் பெய்னின் மனித உரிமைகள் பற்றிய நூலையும் அவ்வர்க்க இயக்கத்தின் இரு மூலநூல்களாக மதிக்கிறார். அதே தொம்சன்தான் மெதடிஸ்த பக்தி எவ்வாறு ஆலை ஒழுக்கத்திற்குத் தொழிலாளரைப் பழக்கியது என்பதையும் கடுமையாக எடுத்துக்காட்டுகிறார். ஒரே நித்தியம் இரு பணிகளுக்கும் உதவியிருக்கின்றது. எப்பணிக்கு என்பதை நூல் தனித்துத் தீர்மானிப்பதில்லை. வாசிப்போரின் நிலையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. முதற் பாகத்தின் தொடக்கத்தில் நாயகனான கிறிஸ்தியான் தன் மனைவி மக்கள் கூவியழைக்கக் காதுகளில் விரல்களை வைத்துக்கொண்டு, ஜீவன், நித்திய ஜீவன் என்று கத்தியவாறு ஓடுகிறான். சிறையில் பார்வையற்ற மகளை எண்ணி உடைந்த அதே மனிதர் இவ்வாறு எழுதியமை எம்மைத் திடுக்கிட வைக்கின்றது. அவரது வாழ்விலே இரு தட்டுகளும் நிறைந்திருந்தன. அவரது உருவகமோ ஒரு தட்டை வெறுமையாக்கிவிட்டது. மீட்பு தனிமனிதனின் விவகாரமாகச் சுருங்கிவிடுகின்றது. அவநம்பிக்கை அரக்கனின் சந்தேகக் கோட்டையில் அடைபட்ட கிறிஸ்தியானும் அவன் துணைவனும் நெஞ்சில் இருந்த வாக்குத்தத்தம் என்னும் திறவுகோலால் தப்புகின்றனர். பின்வருவோர்க்கு எச்சரிக்கையாக ஒரு தூணை நாட்டிவிட்டுச் செல்கின்றனர். கோட்டை அப்படியே நிற்கின்றது. உள்ளே இன்னும் கைதிகள் உளரா என்று அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இம்முதற் பாகத்தையே தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமது காவியத்தை இயற்றினார். திருநெல்வேலியில் வைணவ வேளாளர் குடியில் 1827இல் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். மதம் மாறியமையால் உறவினரின் வெறுப்புக்கும் உள்ளானவர். 1894இல் வெளியான இரட்சணிய யாத்திரிகம் ஐந்து பருவங்களில் 3,700க்கு மேற்பட்ட செய்யுட்களைக் கொண்டது. கம்பனிடத்து அவர் கொண்ட தோய்வு பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாம் அதனை மீட்டுரைக்க வேண்டியதில்லை. எமது வினா வேறு. தன்னிகரில்லாத் தலைவனை வேண்டுவது தண்டியலங்காரங் கூறும் பெருங்காப்பிய இலக்கணம். பன்யனின் தலைவனோ கந்தலுடுத்து முதுகிலே சுமையேந்தியவன். அவன் பேசும் மொழி கிராமச் சந்தையின் மொழி. அவனைக் காவிய நடையிலே நடத்துகையில் கந்தல் பட்டாகின்றது. பாதையின் புழுதி அடங்கிவிடுகின்றது. கிருஷ்ணபிள்ளை இவ்விடர்ப்பாட்டை உணர்ந்திருந்தார் போலும். பன்யனிடம் விரிவாக இல்லாத கிறிஸ்துவின் பாடுகளின் வரலாற்றை அவர் குமார பருவத்தில் நீண்டதொரு பகுதியாகச் சேர்க்கின்றார். பிலாத்துவின் முன் நிறுத்தப்பட்டவர் அங்கே காவியத்தின் மெய்யான தலைவராகிறார். துன்பத்தின் முழு எடையும் அவர்மேல் ஏற்றப்படுகின்றது. காவியத்தின் மிக உருக்கமான பகுதி இதுவே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் விலை கொடுக்கப்பட்டுள்ளது. பன்யனிடத்தே விசாரணைக் கூண்டில் நின்றவன் எம்மைப் போன்ற ஒருவன். இங்கே நாம் கூண்டுக்கு வெளியே நின்று கண்ணீர் விடும் பக்தர். அநீதியான நீதிமன்றத்தின் மீதான கோபம் தெய்வத்தின் மீதான இரக்கமாக உருமாறிவிட்டது. இடையிடையே அமைந்த தேவாரப் பாடல்களில் மாத்திரம் 'நான்' என்று தன் அல்லலைத் தானே சொல்லும் மனிதனின் குரலை நாம் மீண்டும் கேட்கின்றோம். அக்காவியத்தைப் படியாதோரும் அப்பாடல்களால் ஈர்க்கப்பட்டமைக்கு அவற்றின் இசை மாத்திரம் காரணமன்று என்பது எமது கருத்து.

பன்யனோ முதற் பாகத்தோடு நிற்கவில்லை. 1684இல் வெளியான இரண்டாம் பாகத்தை, முதலாவதன் கலையாற்றல் அற்ற பின்னிணைப்பு என விமர்சகர் சிலர் ஒதுக்குவதுண்டு. இம்மதிப்பீட்டை நாம் ஏற்பதற்கில்லை. முன்னர் கைவிடப்பட்ட மனைவியும் நான்கு மைந்தரும் இப்பொழுது அதே வழியிலே புறப்படுகின்றனர். அயற்பெண்ணொருத்தி உடன் சேர்கின்றாள். பெருநெஞ்சன் என்னும் வழித்துணைவன் வருகின்றான். போகப் போகக் கூட்டம் பெருகுகின்றது. சேர்வோர் வீரர் மாத்திரமல்லர்: ஊன்றுகோல்களில் நடப்பவன், மனத்தளர்வுற்றவன், அச்சத்தால் நடுங்குபவள். தன்னால் ஏனையோரின் நடைக்கு ஈடுகொடுக்க இயலாது, தான் அவர்களுக்குச் சுமையாவேன் என்று மனத்தளர்வன் பின்வாங்கும்போது, உமக்காகக் காத்து நிற்போம், உமக்கேற்பவே நடப்போம் என்ற கருத்துப்படப் பெருநெஞ்சன் உறுதி கூறுகின்றான். ஊன்றுகோல்காரன் தன் கோல்களில் ஒன்றைத் தருவதற்கு முன்வருகின்றான். சந்தேகக் கோட்டையை இக்கூட்டம் அடையும்போது நிகழ்வது முதற் பாகத்துக்கு நேர்மாறானது. அவர்கள் அதனைக் கடந்து செல்லாமல் அரக்கனோடு பொருது அவனைக் கொல்கின்றனர். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்க ஏழு நாட்கள் செல்கின்றன. உள்ளே பட்டினியால் மரணத்தறுவாயிற் கிடந்த சோர்வன் என்பவனும் அவன் மகளும் வெளியே கொணரப்படுகின்றனர். நித்திய நகரம் இங்கும் அதே தொலைவிலேயே இருக்கின்றது. அதனை நோக்கிய பார்வையிலும் தளர்வில்லை. ஆயினும் அங்கு விரைவதற்கு முன் ஏழு நாட்களைக் கல் பெயர்ப்பதிற் செலவிட வேண்டும் என்று இந்த யாத்திரிகர் கருதியிருக்கின்றனர்.

பன்யன் இதனை எழுதிய காலத்தில் ஒரு சபையின் மேய்ப்பர். நலிந்தோரும் விதவைகளும் துன்புறுத்தலுக்கு அஞ்சியோரும் அச்சபையில் இருந்தனர். தனித்துச் சிறையில் இருந்தவனின் கனவு முதற் பாகம் என்றால், பலரோடு நடக்க வேண்டியிருந்தவனின் அனுபவம் இரண்டாம் பாகம். அரசின் ஒடுக்குமுறை மீண்டும் உக்கிரமடைந்திருந்த ஆண்டுகள் அவை. அவர் மறைந்த 1688 வரை அத்தகைய சபைகளுக்குச் சட்டத்தின் உறுதியான பாதுகாப்புக் கிட்டவில்லை.

நூலின் இறுதியிலே ஒவ்வொருவராக ஆற்றங்கரைக்கு அழைக்கப்படுகின்றனர். ஊன்றுகோல்காரனின் முறை வருகின்றது. அக்கரையில் தேர்களும் குதிரைகளும் காத்திருப்பதால் இனிக் கோல்கள் தனக்கு வேண்டியதில்லை என்கிறான். அதற்கு முன்னரே தன் மரண சாசனத்தை எழுதுவித்திருக்கிறான். கோல்கள் இரண்டும் தன் அடிச்சுவட்டில் வரவிருக்கும் மகனுக்கு. அவன் தன்னிலும் நன்றாக நடப்பானாக என்ற வாழ்த்தும் அவற்றோடு சேர்ந்து இக்கரையிலேயே இருந்துவிடுகின்றது.